குரங்கு ஏறியதும் ஒரு நாடே இருண்டது எப்படி? நாளைய மின்சாரம் பற்றி ஒரு பதில்

கேள்வி இது: “2025 பிப்ரவரியில் இலங்கையில் ஒரு குரங்கு சப்ஸ்டேஷனுக்குள் புகுந்ததால் நாடு முழுக்க கரண்ட் போனது என்றார்கள். அப்புறம், கூரை சோலார் அதிகமானதுதான் காரணம் என்றார்கள். எது உண்மை? சோலார் ஆபத்தா? அப்படியானால் மின்சாரத்தின் எதிர்காலம் எதில் இருக்கிறது? புது பேனலிலா, பேட்டரியிலா, ஃப்யூஷனிலா?”

குரங்கு வந்தது உண்மை. ஆனால் குரங்கு எல்லா ஊரிலும்தான் வருகிறது. நான் வேலை பார்த்த சப்ஸ்டேஷன்களில் குரங்கு, காகம், அணில், சாரைப்பாம்பு, ஒரு தடவை மரநாய்கூட மாட்டியிருக்கிறது. பட்டாசு மாதிரி ஒரு சத்தம். பிரேக்கர் விழும், ஒரு ஃபீடர், அதாவது ஒரு பகுதிக்குப் போகும் லைன், போகும். ஆள் போய்ப் பார்த்து, கருகிக் கிடப்பதை எடுத்துப் போட்டுவிட்டு வந்தால் அரை மணி நேரத்தில் சப்ளை வந்துவிடும். பதிவேட்டில் ஒரு வரி எழுதுவோம், அவ்வளவுதான். அதே குரங்கு இலங்கையின் பாணந்துறை சப்ஸ்டேஷனில் ஏறியபோது மட்டும் ஏன் ஒரு தீவே இருண்டது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதற்குப் பதில் சொன்னாலே உங்கள் மூன்றாவது கேள்விக்கும் பாதி பதில் வந்துவிடும்.

அன்று பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. காலை 11 மணிக்கு மேல். அலுவலகம், தொழிற்சாலை எல்லாம் மூடியிருந்ததால் மின்தேவை குறைவு. நல்ல வெயில், அதனால் கூரை சோலார் கொட்டிக்கொண்டிருந்தது. சோலார் கொட்டினால் மற்ற நிலையங்களைக் குறைக்க வேண்டும். நீர்மின், டீசல், நிலக்கரி ஜெனரேட்டர்கள் மிகக் கொஞ்சம்தான் சுழன்றுகொண்டிருந்தன. அந்த நேரத்தில் பாணந்துறையில் ஃபால்ட், அதாவது ஷார்ட் சர்க்யூட். வோல்டேஜ் சரிந்தது, அதிர்வெண் (விநாடிக்கு 50 தடவை, அதாவது 50 ஹெர்ட்ஸில், நிற்க வேண்டிய மின்சாரத்தின் தாளம்) ஆடியது, ஒன்று விழுந்து இன்னொன்றை இழுத்தது. நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின் மூன்று யூனிட்டும் நின்றன. ஊர்களுக்குச் சில மணி நேரத்தில் சப்ளை திரும்பினாலும், நுரைச்சோலை திரும்ப வர நாளானது. அதனால் அடுத்தடுத்த நாட்களில் ஒன்றரை மணி நேர மின்வெட்டு.

இதில் காணாமல் போனது என்ன? எடை. இரும்பின் எடை.

தேர் ஓடும்போது பார்த்திருப்பீர்கள். கிளப்புவதற்குத்தான் ஊரே வடம் பிடிக்க வேண்டும். ஒருமுறை உருள ஆரம்பித்துவிட்டால், நாலு பேர் வடத்தை விட்டாலும் தேர் சட்டென்று நிற்காது. நிறுத்துவதற்கே முட்டுக்கட்டை போட ஆள் வேண்டும். அனல்மின் நிலையத்து டர்பைனும் ஜெனரேட்டரும் அப்படித்தான்: நூறு டன்னுக்கு மேற்பட்ட எஃகு நிமிடத்துக்கு 3000 சுற்று. அந்தச் சுழற்சியில் மட்டும், அந்த எந்திரம் முழு அளவில் நாலைந்து விநாடி தயாரிக்கும் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் சேர்ந்திருக்கும். எங்காவது ஒரு நிலையம் விழுந்தால், யாரும் சொல்லாமலே, எந்த ரிலேயும் (கோளாறைக் கண்டு பிரேக்கரை விழவைக்கும் கருவி) கேட்காமலே, மற்ற எந்திரங்களின் எடை அந்தப் பற்றாக்குறையைத் தாங்கும். அந்தச் சில விநாடிகளில், எந்திரத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் வால்வைத் திறந்து நீராவியையோ தண்ணீரையோ கூட்டிவிடும். இந்தத் தாங்கும் குணத்துக்கு நிலைமம் என்று பெயர். சோலார் பேனலில் சுழல ஒன்றும் இல்லை.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன், எண்கள் உதாரணத்துக்குத்தான். 2000 மெகாவாட் கிரிட் (நிலையங்களையும் லைன்களையும் இணைத்த மின்வலை), முழுக்கச் சுழலும் எந்திரங்கள், ஒவ்வொன்றிலும் ஐந்து விநாடிக்கான ஆற்றல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 200 மெகாவாட் திடீரென்று போனால் அதிர்வெண் விநாடிக்கு அரை ஹெர்ட்ஸ் வேகத்தில் இறங்கும். அதில் பாதி எந்திரங்களை எடுத்துவிட்டு சோலார் வைத்தால், அதே 200 மெகாவாட் இழப்புக்கு விநாடிக்கு ஒரு ஹெர்ட்ஸ். கவர்னருக்கு விழித்துக்கொள்ள நேரமில்லை. அது கையை நீட்டுவதற்குள் ரிலேக்கள் ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்துவிடும்.

இதோடு இந்தியாவை ஒப்பிட்டுப் பாருங்கள். 2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கணைக்கச் சொன்னார்களே, நினைவிருக்கிறதா? தேவை சுமார் 31,000 மெகாவாட் சரிந்தது. இலங்கையின் மொத்தத் தேவையைப் போலப் பத்து மடங்குக்கு மேல். அதிர்வெண் 49.70-க்கும் 50.26-க்கும் நடுவிலேயே நின்றது. முன்கூட்டியே தெரிந்த நிகழ்ச்சி என்பது ஒன்று. நீர்மின் நிலையங்களை அதற்கென்று ஏற்றி வைத்து, ஒன்பது மணியை ஒட்டி மடமடவென்று இறக்கினார்கள், அது இரண்டாவது. மூன்றாவது, ஒரு லட்சம் மெகாவாட்டுக்கு மேல் ஒரே தாளத்தில் சுழன்றுகொண்டிருந்த எடை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத் தென்னிந்திய கிரிட் மற்றவற்றோடு சேர்ந்த பிறகு, நாடு முழுவதும் ஒரே தேர்.

(அதற்கு முன்னால் நாங்கள் பட்ட பாடு வேறு. 2003-க்கு முன் தெற்கில் மாலை நேரம் 48 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் ஓடுவது சாதாரணம். கன்ட்ரோல் ரூமில் முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே போனைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருப்போம். எந்த ஊரை வெட்டச் சொல்லப் போகிறார்களோ என்று. அதிர்வெண் குறைந்த நேரத்தில் அதிகம் இழுப்பவருக்கு அதிக விலை என்ற கட்டண முறை 2003 ஜனவரியில் தெற்கில் வந்த பிறகுதான் முள் மேலே ஏறியது. புதுத் தொழில்நுட்பம் எதுவுமில்லை, காசுக் கணக்கு மாறியது. இதை மறக்கக் கூடாது.)

சரி, உங்கள் கேள்வியின் அடுத்த பாதி. மின்சாரம் தயாரிப்பது இப்போது மலிவாகிவிட்டது. 2020 டிசம்பரில் குஜராத்தில் சோலார் ஏலம் யூனிட் 1 ரூபாய் 99 காசுக்குப் போனது. அந்த மலிவான மின்சாரத்தை ஆட்டம் காணாமல் பிடித்து நிறுத்துவதும், வெயில் நேரத்திலிருந்து இருட்டு நேரத்துக்குத் தூக்கிச் செல்வதும்தான் பாக்கி. அடுத்த இருபது வருடத்தைத் தீர்மானிக்கும் ஆராய்ச்சி பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது என்பது என் கணிப்பு. செய்தித்தாளில் படம் போட வசதியில்லாத விஷயம் என்பதால் வெளியே தெரிவதில்லை.

முதல் தீர்வு உங்களுக்குச் சிரிப்பு வரவைக்கும்: எடை இல்லையா, எடையை வாங்கி வை. அயர்லாந்தில் மனிபாயின்ட் என்ற இடத்தில் 2022-இல் 130 டன் எடையுள்ள ஃப்ளைவீல், அதாவது கனத்த சக்கரம், ஒன்றைச் சுழலவிட்டார்கள். நிலக்கரி நிலையம் இருந்த வளாகம் அது. எரிபொருள் கிடையாது, மின்சாரமும் தயாரிக்காது. கிரிட்டிலிருந்து கொஞ்சம் இழுத்துக்கொண்டு சும்மா சுழன்றுகொண்டிருக்கும். சுழல்வதுதான் அதன் வேலை. தெற்கு ஆஸ்திரேலியாவிலும் 2021-இல் நாலு சிங்க்ரனஸ் கண்டென்சர்களை (மின்சாரம் தயாரிக்காமல் கிரிட்டோடு சேர்ந்து சுழலும் எந்திரங்கள்) ஃப்ளைவீலோடு வைத்தார்கள். எங்கள் தாத்தா காலத்துத் தொழில்நுட்பம். ஆனால் வேலை செய்கிறது.

இரண்டாவது தீர்வுதான் உண்மையிலேயே புதியது. கிரிட்-ஃபார்மிங் இன்வெர்ட்டர். பேனலும் பேட்டரியும் தரும் நேர்மின்சாரத்தை (டிசி) கிரிட்டில் ஓடும் மாறுமின்சாரமாக (ஏசி) மாற்றும் பெட்டிதான் இன்வெர்ட்டர். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

இன்று கூரைகளில் இருக்கும் இன்வெர்ட்டர் கச்சேரியில் பின்னால் உட்கார்ந்து பாடும் சிஷ்யர் மாதிரி. தம்புராவைக் காதில் வாங்கி, அந்தச் சுருதியில் சேர்ந்து பாடுவார். குரல் நன்றாகத்தான் இருக்கும். தம்புரா நின்றுவிட்டால்? ஒருவர் பாடுவதைக் கேட்டு இன்னொருவர், அவரைக் கேட்டு மூன்றாமவர். மெல்லச் சுருதி விலகும், யார் விலகினார் என்று யாருக்கும் தெரியாது. சிலர் வாயை மூடிக்கொள்வார்கள். கிரிட்டில் தம்புரா என்பது அந்தச் சுழலும் எந்திரங்கள். கிரிட்-ஃபார்மிங் இன்வெர்ட்டர் என்பது மடியிலேயே சுருதிப் பெட்டி வைத்திருக்கும் பாடகர். வெளியே கேட்காவிட்டாலும் 50 ஹெர்ட்ஸை அது தானே உருவாக்கிப் பிடித்துக்கொள்ளும். மற்றவர்கள் அதைக் கேட்டுச் சேர்ந்துகொள்ளலாம். பெட்டிக்குள் இருப்பது மென்பொருள்தான், பின்னால் ஒரு பேட்டரி இருந்தால் போதும்.

தெற்கு ஆஸ்திரேலியாவின் ஹார்ன்ஸ்டேல் பேட்டரியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2016 செப்டம்பரில் புயல் கோபுரங்களைச் சாய்த்து அந்த மாநிலம் முழுக்க இருண்டது. அதன் பிறகு, நூறு நாளில் கட்டித் தருகிறேன், இல்லாவிட்டால் இலவசம் என்று ஈலான் மஸ்க் பந்தயம் கட்டிய பேட்டரி அது. 2017 டிசம்பர் 1-இல் 100 மெகாவாட் அளவில் ஓட ஆரம்பித்தது. இரண்டே வாரத்தில் விக்டோரியாவில் லாய் யாங் நிலையத்தின் ஒரு யூனிட், 560 மெகாவாட், விழுந்தபோது இந்த பேட்டரி ஒரு விநாடிக்குள் பதில் கொடுத்தது. உலகப் பத்திரிகைகளெல்லாம் கொண்டாடின. அன்று அது கொடுத்தது 7 மெகாவாட் சொச்சம்தான் என்பதைப் பலர் எழுதவில்லை! எனக்கு அந்த 7 மெகாவாட்டை விட, 2022-இல் நடந்ததுதான் பெரிய செய்தி. அதன் இன்வெர்ட்டர்களைச் சுழலும் எந்திரம்போல நடந்துகொள்ளும்படி மாற்றி, நிலைமம் தருகிற சேவைக்கு அனுமதி வாங்கினார்கள். இரும்பு செய்த வேலையை மென்பொருள் செய்ய ஆரம்பித்தது.

இலங்கைக்கு இன்னும் பக்கத்து உதாரணம் ஹவாயின் காவாய் தீவு. அதுவும் தனித் தீவு, யாரோடும் இணைப்பில்லை, சோலார் மிக அதிகம். 2021 நவம்பரில் விடியற்காலையில் அங்கே ஓடிக்கொண்டிருந்த மிகப் பெரிய ஜெனரேட்டர், தேவையில் பாதிக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தது, விழுந்தது. பேட்டரிகள் தாங்கின, தீவு இருளவில்லை. ஆனால் அதிர்வெண் சிறிது நேரம் விநாடிக்கு இருபது தடவை அளவில் கிடுகிடுவென்று ஆடியது. ஏன் என்று குடைந்து பார்த்தபோது, சுருதி பிடிப்பவை சிலவும், கேட்டுப் பாடுபவை சிலவும் ஒன்றோடொன்று மோதியது தெரிந்தது. பிறகு இன்னும் சில நிலையங்களைச் சுருதி பிடிக்கும் முறைக்கு மாற்றினார்கள்.

இதில் தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. ஃபால்ட் வந்தால் சுழலும் எந்திரம் தன் அளவைப்போல் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை ஒரு கணம் தள்ளும். இன்வெர்ட்டருக்குள் இருக்கும் சிலிக்கான் சுவிட்ச் அதைத் தாளாது. ஒன்றே கால் மடங்கு போனாலே தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மூடிவிடும். எங்கள் ரிலேக்களோ, “மின்னோட்டம் பாய்ந்துவிட்டதா, அப்படியானால் எங்கோ ஃபால்ட்” என்று கண்டுகொள்ளும்படி நூறு வருடமாகப் பழக்கப்பட்டவை. நாளைக்கு எல்லாமே இன்வெர்ட்டர் என்றானால், குரங்கு ஏறியதே ரிலேக்குத் தெரியாமல் போகலாம். மின்னோட்டத்தின் அளவை நம்பாமல், அலையின் வடிவத்தையும் கோணத்தையும் பார்த்துக் கண்டுபிடிக்கும் பாதுகாப்பு முறைகள், அதிக சூடு தாங்கும் சிலிக்கான் கார்பைடு சுவிட்சுகள், இரண்டிலும் பெரிய அளவில் ஆராய்ச்சி நடக்கிறது. மின்பொறியியல் படிக்கும் பிள்ளைகள் என்ன தலைப்பு எடுக்கலாம் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

அடுத்தது சாயங்காலம். சோலார் இறங்கும்போதுதான் வீட்டில் ஃபேன், ஏசி, டிவி எல்லாம் ஏறும். 2024 ஏப்ரலில் கலிஃபோர்னியாவில் ஒரு மாலை, கொஞ்ச நேரத்துக்கு, மின்சாரத்தின் மிகப் பெரிய ஒற்றை ஆதாரமாக பேட்டரிகள்தான் இருந்தன. ஐந்து வருடத்துக்கு முன் சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். இதற்குக் காரணம் இரும்பு பாஸ்பேட் வகை லித்தியம் பேட்டரி. கோபால்ட் வேண்டாம், நிக்கல் வேண்டாம், சுலபத்தில் தீப்பிடிக்காது. அதன் வேரில் ஒரு தமிழர் இருக்கிறார். ஆறுமுகம் மந்திரம், தென்தமிழ்நாட்டின் ஒரு சிற்றூரில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐஐடியிலும் படித்தவர். 1980-களின் கடைசியில் பேட்டரி விஞ்ஞானி ஜான் குட்இனஃப்போடு சேர்ந்து, பேட்டரியின் மின்முனையில் வெறும் ஆக்சைடுக்குப் பதில் சல்ஃபேட் போன்ற அயனிக் கூட்டங்களை வைத்தால் மலிவான இரும்பிலேயே அதிக வோல்டேஜ் எடுக்கலாம் என்று காட்டினார். பாஸ்பேட் பின்னர் அந்த வழியில்தான் வந்தது. 2019-இல் குட்இனஃப்புக்கு நோபல் கிடைத்தபோது, ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியது மந்திரம்தான்.

லித்தியத்துக்குப் பதில் சோடியம் என்று இப்போது பேச்சு. நியாயமான பேச்சுதான். சோடியம் எங்கும் கிடைக்கும், உள்ளே செம்புத் தகடுக்குப் பதில் அலுமினியமே போதும், குளிரைத் தாங்கும். தூத்துக்குடி உப்பளத்தைக் காட்டி “இனி நாமே ராஜா” என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை மட்டும் நம்பாதீர்கள். பேட்டரியின் விலை உப்பில் இல்லை, அதைச் செய்யும் தொழிற்சாலையில் இருக்கிறது. அதோடு, 2022 கடைசியில் உச்சத்தில் இருந்த லித்தியம் விலை 2024-க்குள் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்து சோடியத்தின் வயிற்றில் அடித்துவிட்டது.

நாலு மணி நேரத்துக்கு பேட்டரி சரி. ஐப்பசி அடைமழையில் நாலு நாள் வெயிலே வராவிட்டால்? காற்றாலைகளைச் சுழற்றும் ஆரல்வாய்மொழிக் காற்றும் செப்டம்பரோடு ஓய்ந்துவிடும். அங்கேதான் இரும்பு–காற்று பேட்டரி மாதிரி விஷயங்கள் வருகின்றன. இரும்பைத் துருப்பிடிக்கவிட்டால் மின்சாரம், துருவைத் திரும்ப இரும்பாக்கினால் சார்ஜ். அமெரிக்காவில் ஃபார்ம் எனர்ஜி என்ற நிறுவனம் நூறு மணி நேரம் தாங்கும் என்று கட்டி வருகிறது. போட்டதில் பாதியளவு வீணாகும். வருடத்துக்குச் சில தடவை மட்டும் பயன்படுத்துவதற்கு அது பரவாயில்லை, தினமும் என்றால் கட்டாது.

நம்மிடம் ஏற்கெனவே இருப்பதையும் மறக்க வேண்டாம். ஆனைமலையில் காடம்பாறை நீரேற்று மின் நிலையம், 1987-லிருந்து, 400 மெகாவாட். அப்போது போட்ட கணக்கு, இரவில் மிஞ்சும் மின்சாரத்தில் ஆழியாறு மேல் அணைத் தண்ணீரை மேலே ஏற்று, தேவையான நேரத்தில் இறக்கு என்பது. சோலார் வந்து இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறது. பகலில் ஏற்று, இருட்டியதும் இறக்கு. நூறு ரூபாய்க்கு ஏற்றினால் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் மேலேயே திரும்பி வரும். இன்னொன்று, இறங்கும் தண்ணீர் சுழற்றுவது நிஜமான இரும்பு, எடையும் இலவசம். நீலகிரியில் இதே மாதிரி குந்தா 500 மெகாவாட் கட்டப்படுகிறது. இலங்கையும் மகா ஓயாவில் 600 மெகாவாட் திட்டம் வைத்திருக்கிறது. அது 2025-க்கு முன் முடிந்திருந்தால் அந்தக் குரங்கைப் பற்றி யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

மதுரைப் பக்கமிருந்து இலங்கைக்கு லைன் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். பழைய யோசனை. 2025 ஏப்ரலில் இரு நாடுகளும் அதற்கு ஒப்பந்தக் குறிப்பில் கையெழுத்திட்டன. அது நேர்மின் (டிசி) இணைப்பு, இரு முனையிலும் கன்வெர்ட்டர் வைத்து மின்சாரத்தை மாற்றி அனுப்புவது. நேர்மின் இணைப்பில் ஒரு தேரின் எடை இன்னொரு தேருக்குத் தானாகப் போகாது, போகும்படி கன்வெர்ட்டரைச் சொல்லிப் பழக்க வேண்டும். அதில் லாபமும் உண்டு, ஒருவர் வீட்டுத் தீ அடுத்த வீட்டுக்குத் தாவாது. 2012 ஜூலையில் வட இந்தியா இருண்டபோது தெற்கு தப்பியது, நடுவில் நேர்மின் இணைப்புகள் மட்டும் இருந்ததால்தான். புகளூர்–திருச்சூர் இடையே 2021 முதல் ஓடும் புது வகை கன்வெர்ட்டர், 2000 மெகாவாட், மறுமுனையில் கிரிட் பலவீனமாக இருந்தாலும் தானே வோல்டேஜைத் தூக்கி நிறுத்தும். இலங்கைக்குத் தேவை அந்த வகைதான்.

நீங்கள் கேட்ட மற்றவை சுருக்கமாக. பெரோவ்ஸ்கைட் (சிலிக்கானுக்கு மாற்றாகப் பேசப்படும் ஒரு படிகப் பொருள்) பேனல்: 2009-இல் 3.8 சதவீதத்தில் ஆரம்பித்து, இப்போது சிலிக்கான் மேல் அடுக்கி வைத்தால் ஆய்வுக்கூடத்தில் 34-ஐத் தாண்டிவிட்டது. ஈரமும் சூடும் அதற்கு ஆகாது. நம் கடற்கரை வெயிலில் இருபது வருடம் நின்று காட்டட்டும், அப்புறம் பேசலாம். ஃப்யூஷன் (அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் எடுப்பது): 2022 டிசம்பரில் அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் 2.05 மெகாஜூல் லேசர் அடித்து 3.15 எடுத்தார்கள், மகத்தான வேலை. அந்த லேசரை ஏற்றக் கரண்ட் லைனிலிருந்து எடுத்தது சுமார் 300 மெகாஜூல். உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு இருக்கலாம். அறை வெப்பநிலை மீக்கடத்தி (துளியும் இழப்பில்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்): 2023-இல் எல்கே-99 என்று இரண்டு வாரம் ஊரே ஆடியது, பிறகு பொய்த்தது.

சோலார் ஆபத்தா என்ற கேள்வி பாக்கி. பேனல் பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. இன்வெர்ட்டரில் என்ன செட்டிங் போட்டோம் என்பதில்தான் விஷயம். ஜெர்மனியில் ஒரு காலத்தில் எல்லா சோலார் இன்வெர்ட்டர்களும் 50.2 ஹெர்ட்ஸைத் தொட்டதும் ஒரே நேரத்தில் கழன்றுகொள்ளும்படி வைத்திருந்தார்கள். சோலார் சொற்பமாக இருந்தபோது எழுதிய விதி. பிறகுதான் பயம் வந்தது, ஒரே கணத்தில் ஆயிரக்கணக்கான மெகாவாட் மறைந்துவிடுமே என்று. 2012-லிருந்து மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட நிலையங்களைத் தேடிப் போய் மாற்றினார்கள். நீங்கள் புதிதாகக் கூரையில் போடப் போகிறீர்கள் என்றால், ஏஜென்டிடம் பேனல் எந்தக் கம்பெனி என்று கேட்பதோடு, வோல்டேஜும் ஃப்ரீக்வென்சியும் கொஞ்சம் ஆடினால் இன்வெர்ட்டர் கழன்றுகொள்ளுமா, தாங்கி நிற்குமா, வெளியிலிருந்து உற்பத்தியைக் குறைக்க வழி இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

இலங்கையில் அந்த வழி அப்போது பெரும்பாலான வீடுகளில் இருக்கவில்லை. குரங்கு வந்து இரண்டு மாதம் கழித்துப் புத்தாண்டு விடுமுறை வந்தது. மறுபடி குறைந்த தேவை, மறுபடி நல்ல வெயில். ஏப்ரல் 13 முதல் 21 வரை, பகல் 3 மணி வரைக்கும் கூரை சோலாரை அணைத்து வைக்கும்படி இலங்கை மின்சார சபை வீட்டுக்காரர்களைக் கேட்டுக்கொண்டது. அறிவிப்பைப் பார்த்தவர்கள் எழுந்து போய் சுவிட்சைக் கையால்தான் அணைக்க வேண்டியிருந்தது.